லேடி புரூடன்ஸுக்குப் பின்னால் நின்றவர்கள்

1995ஆம் ஆண்டு மார்ச் எட்டாம் தேதி, புதன்கிழமை காலை ஏழே காலுக்கு, டெக்சாஸ் மாநிலம் பேர்லேண்டில் நஞ்சுண்டன் வீட்டுக் கொல்லையில் நின்றிருந்த வெள்ளைப் பசுவுக்குப் பின்னால் பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். எதற்காக நிற்கிறோம் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. முதலில் நின்றவர் குப்பை லாரி ஓட்டுநர். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டுப் பல் மருத்துவரும் அவர் மனைவியும், தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர், காலை ஓட்டத்துக்குப் புறப்பட்டு ஓட்டத்தைப் பாதியில் விட்ட மூன்று பெண்கள், அப்புறம் யார் யாரோ. ஆளுக்கு ஆள் ஒரு கை இடைவெளி. யாரும் யாரையும் இடிக்கவில்லை. சமையலறை ஜன்னலில் காபி டம்ளரோடு நின்ற தனபாக்கியம் ஏதோ விபத்து என்று நினைத்து வெளியே வந்து, கடைசியில் நின்ற ஆளிடம் என்ன விஷயம் என்று விசாரித்தாள். அவர் தொப்பியைக் கழற்றி, தனக்கும் சரியாகத் தெரியவில்லை, ஆனால் வரிசை நகர்கிறது என்று சொன்னார். அது உண்மைதான். பசுவின் வாலுக்கு அருகில் நின்றவர் ஒரு நிமிடம் நிற்பார். பசு கழுத்தைத் திருப்பி அவரைப் பார்க்கும். ஒரு காதை ஆட்டும். அவர் தன் முறை முடிந்தது என்று தெரிந்து விலகிப் போய்விடுவார். ஏதாவது கிடைத்ததாக ஒருவரும் சொல்லவில்லை. கிடைக்கவில்லை என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

பசு ‘ஒயிட் பார்க்’ என்னும் பழைய பிரிட்டிஷ் இனம். உடம்பு சுண்ணாம்பு வெள்ளை. காது, மூக்கு, கண்ணிமை, குளம்புக்கு மேல் ஒரு விரல்கடை மட்டும் கறுப்பு. கொம்பு நீண்டு இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். உலகம் முழுக்கத் தேடினாலும் சில நூறு மாடுகளே மிஞ்சியிருந்த காலம் அது. உலகப்போரில் குண்டு விழுந்து இனமே அற்றுப்போய்விடும் என்று பயந்து சிலவற்றைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அவற்றின் வழியில் வந்தவை என்று சொல்லி ஐந்து மாடுகளை நஞ்சுண்டன் வீட்டு வேலிக்கு அந்தப்புறம் எர்ல் டாக்கெட் என்ற கிழவர் வைத்திருந்தார். பிப்ரவரியில் அவர் மேய்ச்சல் நிலத்தை வீடு கட்டுபவர்களுக்கு விற்றார், மாடுகளை நூற்றுப்பத்து மைல் தள்ளி இருந்த ஒரு பண்ணைக்கு விற்றார். முதல் தடவை டிரெய்லரில் ஐந்து மாடுகள் ஏறின, நான்கு இறங்கின. திரும்பி வந்து பார்த்தபோது ஐந்தாவது பழைய இடத்திலேயே அசைபோட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை ஒன்று ஏறியது, ஒன்றும் இறங்கவில்லை. மூன்றாம் தடவை டாக்கெட் தானே டிரெய்லருக்குள் மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்து போனார். போய்ச் சேர்ந்தபோது கயிறும் அவரும் இருந்தார்கள். அதை அவர் மாட்டின் குறையாகச் சொல்லவில்லை. பழைய வம்சம், தன் முறை வராமல் நகராது என்று மட்டும் சொன்னார். பண்ணைக்காரரும் ஒத்துக்கொண்டு நான்கு மாடுகளுக்கு மட்டும் ரசீது வாங்கிக்கொண்டார். பிறகு டாக்கெட் பசுவை வேலிக்கு இந்தப்புறம் விட்டு, வம்சப் பத்திரங்கள் இருந்த காகித உறையைத் தனபாக்கியத்தின் கையில் கொடுத்தார். ஐந்து வருடமாக அந்தப் பெண் சமையலறை ஸ்டூலைப் போட்டு வேலிக்கு மேலாகத் தன் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருந்தார். பத்திரத்தில் பசுவின் பெயர் லேடி புரூடன்ஸ், நான்காவது. பேர்லேண்ட் தமிழர்கள் வாயில் அது ஒரே வாரத்தில் ‘புருடா’ என்று ஆனது.

தனபாக்கியம் நாமக்கல்லில் படித்த கால்நடை மருத்துவர். காங்கேயத்து அரசு மருந்தகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். முந்நூறுக்கு மேல் கன்றுகளை வெளியே எடுத்தவள். 1990இல் நஞ்சுண்டனைக் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து எதையும் தொடவில்லை. அவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குக் குழாய் வடிவமைக்கும் இன்ஜினியர். அவனுடைய விசாவில் அவன் வேலை செய்யலாம். அவளுடைய விசாவில் அவள் அவனுக்கு மனைவியாக இருக்கலாம். வேலை செய்யக் கூடாது என்று கடவுச்சீட்டிலேயே முத்திரை குத்தியிருந்தது. கிரீன் கார்டுக்குப் போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. எப்போது வரும் என்று கேட்டால் வக்கீல் கையை மேலே காட்டுவார். மேலே அவருக்கு அடுத்த மாடியில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ்தான் இருந்தது.

வரிசை ஏப்ரலில் நாற்பது பேராகவும், மே மாதம் பள்ளி விடுமுறை விட்டதும் தொண்ணூறாகவும் ஆனது. பக்கவாட்டுக் கேட் வழியாக வெளியேறி, கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, தபால் பெட்டியைச் சுற்றி, சில நாட்களில் 518ஆம் சாலை வரைக்கும் போனது. நடப்பதற்கே ஆள் இல்லாத ஊரில் மனிதர்கள் காரை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார்கள். நின்றவுடன் குரல் தணிந்துவிடும். நூறு டிகிரி வெயிலில் வானத்தைப் பார்த்து, மழை வரும்போலிருக்கிறது என்று முன்னால் நிற்பவரிடம் சொல்வார்கள். அவரும், ஆமாம், ஆனால் செடிகளுக்கு நல்லது என்பார். குடியிருப்போர் சங்கத் தலைவி மிசஸ் புரூயிட், கால்நடை வளர்ப்பது விதிமுறைக்கு விரோதம் என்று நோட்டீஸ் எடுத்துக்கொண்டு வந்தவர், ஐம்பது நிமிடம் வரிசையில் நின்றார். முறை வந்து பசு காதை ஆட்டியதும் நோட்டீஸைப் பத்திரமாகத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போனார். அடுத்த நோட்டீஸைத் தபாலில் அனுப்பினார். தபால்காரர் அதை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். ஜூனிலிருந்து மிசஸ் புரூயிட் நோட்டீஸ் இல்லாமலே வர ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மீனாட்சி கோயிலிலிருந்து நம் ஆட்கள் நேராக இங்கே வந்தார்கள். பசு என்றால் பூஜை என்று மஞ்சள், குங்குமம், வாழைப்பழச் சீப்போடு வந்தவர்கள், பிரசாதத்துக்கு ஒருநாளும் நிற்காத ஒழுங்கில் ஒற்றை வரிசையாக நின்றார்கள். மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டராக இருந்த மாரிசாமி மட்டும், “நான் கோயில் கமிட்டி மெம்பருங்க, கொஞ்சம் வழி விடுங்க” என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனார். போய் நிமிர்ந்து பார்த்தால் 518ஆம் சாலையில் கடைசி ஆளாக நின்றிருந்தார். இரண்டு முறை முயன்றார். மூன்றாவது முறை, காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டு வந்து முறைப்படி நின்றார்.

நஞ்சுண்டனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. வைக்கோல் கட்டுகள் அடுக்கியதில் காரேஜ் போய்விட்டது, கேம்ரி கார் வெயிலில் நின்று பெயின்ட் வெளுத்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். வரிசையில் நின்றவர்கள் போகும்போது வாசலில் ‘பை’ என்ற வட்டமான பழப் பலகாரத்தை வைத்துவிட்டுப் போனதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. ஆப்பிள் பை, பீக்கன் பை, பீச் பை, ஒரு நாளைக்கு ஆறேழு. பசுவைப் பராமரிப்பதற்குக் கைம்மாறாக ஒன்றை வாங்கினால் அது சம்பளம் ஆகுமா, மனைவி விசாவை மீறி வேலை செய்ததாக ஆகுமா, கிரீன் கார்டு போய்விடுமா என்று ஹூஸ்டன் வரை கார் ஓட்டிப்போய் வக்கீலைக் கேட்டான். வக்கீல் இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டி, ஒன்பது அங்குலத்துக்கு உட்பட்ட பை அன்பளிப்பு, அதற்கு மேல் போனால் வருமானம் என்று எழுத்தில் கொடுத்தார். அதிலிருந்து நஞ்சுண்டன் ஆபீஸ் விட்டு வந்ததும் டேப்பை எடுத்து ஒவ்வொரு பையையும் அளந்தான். பத்தரை அங்குலம் இருந்தவற்றை அண்டை வீடுகளில் கொண்டுபோய் வைத்தான்.

ஆகஸ்டில் ஒருநாள் அவன் சீக்கிரம் வீடு திரும்பியபோது, தனபாக்கியம் இடது கையில் தோள் வரைக்கும் பாலிதீன் உறை மாட்டி, பசுவுக்குள் கைவிட்டு, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள். வரிசையில் நின்றவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன புள்ள பண்றே?”

“செனைங்க. ஏழு மாசம். டாக்கெட் காளைய விக்கறதுக்கு முன்னாலயே செனையாயிருக்குது.” கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். “என் வெரலைப் புடிச்சுச் சப்புதுங்க.”

“இது வேலை. டாக்டர் பண்ற வேலைய நீ பண்றே. எவனாவது போட்டோ எடுத்து இமிக்ரேஷனுக்கு அனுப்பினா என்ன ஆவறது?”

“கைய விட்டுப் பாத்தா வேலையா? அப்போ அஞ்சு வருசமா உங்க லன்ச் பாக்ஸைக் கட்டறனே, அது என்னங்க?”

அன்று இரவு உணவுக்கு உட்காருமுன் அவள் கையைக் கழுவிவிட்டு முகர்ந்து பார்த்ததையும், முகர்ந்துவிட்டு மறுபடி கழுவாமல் விட்டதையும் அவன் பார்த்தான்.

அக்டோபரில் கன்று பிறந்திருக்க வேண்டும். பிறக்கவில்லை. கிறிஸ்துமஸ் போனது, பொங்கல் போனது, 1996ஆம் ஆண்டு முழுவதும் போனது. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து கால்நடைப் பேராசிரியர்கள் நான்கு பேர் வந்தார்கள். முறைப்படி வரிசையில் நின்றுவிட்டுச் சோதித்தார்கள். கன்று உயிரோடு நலமாக இருக்கிறது, அவசரப்படவில்லை என்று அறிக்கை எழுதினார்கள். அந்த வம்சத்தில் இந்த ஒரு கிளை வேறு எங்கும் இல்லை, கன்று தவறினால் கிளை அத்தோடு முடிந்தது என்றும் அதில் ஒரு வரி இருந்தது. தனபாக்கியம் அந்த வரியைப் பலமுறை படித்தாள். மாதம் ஒருமுறை அவள் உள்ளே கை வைப்பாள், கன்று விரலைச் சப்பும். கிரீன் கார்டு பற்றி நஞ்சுண்டன் மாதம் ஒருமுறை வக்கீலுக்கு போன் செய்வான், வக்கீல் கையை மேலே காட்டுவதை அவனால் போனிலேயே உணர முடிந்தது. இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கும்படி ஆகிவிட்டது. முதலில் கன்று எப்படியிருக்கிறது என்று அவன் கேட்க மாட்டான். பிறகு கேட்க ஆரம்பித்தான்.

1997 ஆகஸ்ட் பதினாறாம் தேதி, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, இரண்டு வருடம் ஏழு மாதச் சினைக்குப் பிறகு பசுவுக்கு வலி கண்டது. அன்று வரிசையில் நூற்று நாற்பத்திமூன்று பேர். தனபாக்கியம் கைவிட்டுப் பார்த்தாள். இரண்டு வருடமாக அவள் விரலைச் சப்பிய வாய் அங்கே இல்லை. கன்று திரும்பிவிட்டிருந்தது. வால் முன்னால் இருந்தது, பின்னங்கால்கள் இரண்டும் வயிற்றுக்கடியில் மடிந்திருந்தன. அப்படியே விட்டால் கன்றும் போகும், தாயும் போகும். கயிறும் எண்ணெயும் வேண்டியிருந்தன. அவள் வீட்டுக்குள் ஓடி, நைலான் கயிற்றையும் ஒரு பாட்டில் நல்லெண்ணெயையும் பக்கெட்டில் போட்டுக்கொண்டு காரேஜ் வழியாக வெளியே வந்தாள். வந்தவள் தபால் பெட்டி அருகே வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

அதுவரைக்கும் அவளுக்கு அப்படி நேர்ந்ததில்லை. தினமும் ஆட்கள் வருவதற்கு முன்பே அவள் பசுவிடம் இருப்பாள். இப்போது கால் நகரவில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர்களில் ஒருவர் அன்று வந்திருந்தார். அவர் அறுபத்தோராவது ஆள், அவராலும் நகர முடியவில்லை. முன்னால் நின்றவர்கள் எல்லோரும் அவளுக்கு வழிவிடவே விரும்பினார்கள், அதுதான் சிக்கல். ஒவ்வொருவராகத் திரும்பி, நீங்கள் முதலில் போங்கள் என்றார்கள். அவள் நன்றி சொன்னாள். பரவாயில்லை என்றார்கள். மழை வரும்போலிருக்கிறது என்றார்கள். அவள் ஆமாம் என்றாள். பிறகுதான் ஒரு ஆளைத் தாண்ட முடிந்தது. கால் மணி நேரத்தில் ஒன்பது பேரைத் தாண்டியிருந்தாள். கொல்லையிலிருந்து பசு ஒருமுறை கத்தியது. தாழ்ந்த, நீண்ட, மன்னிப்புக் கேட்பதுபோன்ற குரல்.

நஞ்சுண்டன் அப்போது கேம்ரிக்குள் ஏ.சி.யைப் போட்டு உட்கார்ந்திருந்தான். எதையும் பார்க்கவில்லை என்று பின்னால் யாரிடமாவது சொல்ல வேண்டி வந்தால் சொல்வதற்காக. கண்ணாடியில் மனைவி பக்கெட்டோடு நிற்பது தெரிந்தது. முகம் நனைந்திருந்தது. கதவைத் திறந்துகொண்டு இறங்கினான்.

“ஏம்புள்ள இங்க நிக்கறே?”

“காலு நகர மாட்டேங்குதுங்க.”

“கன்னுக்குட்டி?”

“திரும்பிக்கிச்சுங்க. இருவது நிமிஷம் தாங்குமோ என்னமோ.”

“இத்தனை பேர் முன்னால நீ கைய வெச்சு எடுத்தீன்னா அது வேலைதான். லாயர் எழுதிக் குடுத்ததெல்லாம் நிக்காது. தெரியுமில்ல?”

“தெரியுமுங்க.”

நஞ்சுண்டன் தன் வாழ்நாளில் எந்த வரிசையிலும் முறையாக நின்றவன் அல்ல. சத்தியமங்கலத்து ரேஷன் கடையில் தொடங்கி மெட்ராஸ் தூதரகம் வரைக்கும் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து முன்னால் போய்விடுவான். சூப்பர் மார்க்கெட்டில் பத்துப் பொருளுக்கு மேல் கூடாது என்று போட்டிருந்த கவுன்டரில் இருபத்தாறு பொருளைக் கொண்டுபோய் வைத்தவன். மாரிசாமியால் முடியாதது அவனால் ஏன் முடிந்தது என்று பிற்பாடு பலர் பேசினார்கள். மாரிசாமி அனுமதி கேட்டுக்கொண்டே போனார், இவன் கேட்கவில்லை என்பதுதான் பொதுவான கருத்து. பக்கெட்டை ஒரு கையிலும் மனைவியின் மணிக்கட்டை மறு கையிலும் பிடித்தான். நடந்தான். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை, மன்னியுங்கள் என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. பேராசிரியரின் கால்விரலை மிதித்தான். மிசஸ் புரூயிட் கண்ணை மூடிக்கொண்டார். நூற்று முப்பத்துநான்கு பேரைத் தாண்டி பசுவின் வாலருகே வந்து நின்றபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. “ம், பாரு” என்றான். பசுவின் வாலைத் தன் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டான்.

தனபாக்கியம் உறை மாட்டிக்கொள்ளவில்லை. தோள் வரைக்கும் நல்லெண்ணெயைப் பூசிக்கொண்டு, கன்றை முதலில் உள்ளே தள்ளினாள். பிறகு ஒரு குளம்பை உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்து, கர்ப்பப்பை கிழியாமல் வளைத்துக் கொண்டுவந்தாள். அப்புறம் மற்றொன்று. ஏழு வருடத்துக்கு முன் விட்ட இடத்திலிருந்து கை தானாகத் தொடர்ந்தது. கயிற்றைக் கட்டி, “இப்ப இழுங்க. பசு முக்கறப்ப மட்டும்” என்றாள். நஞ்சுண்டன் இழுத்தான். முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. கிடேரிக் கன்று. வெள்ளை, கறுப்புக் காது. மூச்சில்லை. தனபாக்கியம் அதன் மூக்கிலிருந்த சளியை வாயால் உறிஞ்சித் துப்பி, பின்னங்காலைப் பிடித்து நஞ்சுண்டனோடு சேர்ந்து தூக்கி, விலாவில் ஓங்கித் தட்டினாள். இரண்டாவது தட்டில் அது தும்மியது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். கன்று எழுந்தது, விழுந்தது, எழுந்தது. தாயைச் சுற்றிப் பின்பக்கம் போய், ஒரு கை இடைவெளி விட்டு, குப்பை லாரி ஓட்டுநருக்கு முன்னால் நின்றது. அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அன்று வந்த பைகளை நஞ்சுண்டன் அளக்கவில்லை.

1999 அக்டோபரில் கிரீன் கார்டு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. காரில் போகும்போது, வேலை செய்திருக்கிறாயா என்று கேட்டால் இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட வேண்டும் என்று நஞ்சுண்டன் நான்கு முறை சொல்லிக்கொடுத்தான். அதிகாரி வயதானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். அனுமதியில்லாமல் எப்போதாவது வேலை செய்ததுண்டா என்று கேட்டார். தனபாக்கியம் கணவனைப் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்து, ஒருமுறை ஒரு கன்றுக்குட்டியை வெளியே எடுத்தேன், அதற்காக வருத்தப்படவில்லை என்றாள். நஞ்சுண்டன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அதிகாரி பேனாவை மூடாமல், எத்தனை காலம் உள்ளே இருந்தது என்று விசாரித்தார். இரண்டு வருடம் ஏழு மாதம் என்றாள். அவர் தன் மேசையில் இருந்த கோப்புகளை ஒருமுறை பார்த்தார். “அவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு முத்திரையைக் குத்தினார்.

அதற்குப் பிறகு அவள் பரீட்சைகள் எழுதினாள். ஒன்றில் தோற்று, மறுபடி எழுதினாள். 2001 ஏப்ரலில் டெக்சாஸில் கால்நடை வைத்தியம் பார்ப்பதற்கான உரிமம் வந்தது. அதை நஞ்சுண்டன் சட்டம் போட்டுக் காரேஜில் வைக்கோலுக்கு மேலே மாட்டினான்.

அந்த வருடம் ஜூன் மாதம் பெய்த புயல்மழை ஹூஸ்டன் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை விடிந்தபோது பேர்லேண்டில் பல தெருக்களில் தண்ணீர் வீட்டுக்குள் சோபா உயரத்துக்கு நின்றது. நஞ்சுண்டன் தெருவுக்குள்ளும் முழங்கால் உயரத் தண்ணீர் வந்தது. வந்து, தபால் பெட்டி அருகே ரப்பர் பூட்ஸோடு நின்றிருந்த மிசஸ் புரூயிட்டுக்குப் பின்னால், ஒரு கை இடைவெளி விட்டு நின்றுவிட்டது. மிசஸ் புரூயிட் திரும்பிப் பார்த்து, மழை வரும்போலிருக்கிறது என்று தண்ணீரிடம் சொன்னார். வரிசை நகர நகர அதுவும் நகர்ந்தது. கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, பக்கவாட்டுக் கேட்டில் ஒழுங்காக ஒடுங்கி, கொல்லைக்குள் நுழைந்து, பசுவுக்கும் வளர்ந்துவிட்ட கன்றுக்கும் பின்னால் தன் முறைக்கு நின்று, லேடி புரூடன்ஸ் காதை ஆட்டியதும் வேலியோரச் சாக்கடை வழியாக இறங்கிப் போனது. அடுத்த தண்ணீர் வந்து நின்றது.

எட்டு மணிக்கு ஆல்வின் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து போன் வந்தது. மேட்டில் பதினொரு மாடுகள் சிக்கியிருக்கின்றன, ஒன்றுக்குக் கன்று பாதியில் நிற்கிறது, டாக்டர் உடனே வர முடியுமா என்று கேட்டார்கள். தனபாக்கியம் பூட்ஸை மாட்டிக்கொண்டு மருந்துப் பையை எடுத்தாள். நஞ்சுண்டன் கார் சாவியோடு வாசலில் நின்று, தபால் பெட்டி வரைக்கும் வந்துவிட்ட வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதைப் போட்டுட்டு எப்படிப் போறது? வீட்டுக்குள்ள வந்துருச்சுன்னா?”

தனபாக்கியமும் ஒருமுறை பார்த்தாள்.

“முன்னால அறுவது பேர் நிக்கறாங்க. அதோட முறை வர்றதுக்குள்ள நாம திரும்பிரலாமுங்க. வண்டிய எடுங்க.”

அவன் பின்பக்கத்துப் புல்தரை வழியாகக் காரைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். வரிசையின் கடைசித் தண்ணீருக்குத் திங்கட்கிழமை மதியம் முறை வந்தது.